தோள்பட்டியை இழுத்துப் பார்ப்பவர்

ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு, வெள்ளவத்தையில் கயாக் படகுகளும் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் விற்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் அங்கே ஒருவர் வருவார். ஒடிசலான உடம்பு, மழிக்காத முகம். எதுவும் வாங்கமாட்டார். யாராவது ஜாக்கெட் போட்டுப் பார்த்தால், அனுமதி கேட்டுவிட்டு, தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார்.

ஒருநாள், கித்துல்கல ஆற்றில் கயாக் பழகப் போகும் மகனுக்கு ஒரு தாய் பெரிய அளவு ஜாக்கெட்டாகக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தார்.

"வளருற பிள்ளை, தம்பி. அடுத்த வருஷமும் போடலாம்தானே."

அந்தச் சனிக்கிழமை மனிதர் வந்து, கேட்டுவிட்டு, தோள்பட்டியை இழுத்தார். ஜாக்கெட் பையனின் காதுவரை ஏறியது.

"சின்னதை எடுங்கோ, தங்கச்சி."

"ஸ்கூல் சேர்ட்டும் நாங்கள் பெரிசாத்தான் எடுக்கிறனாங்கள், ஐயா," என்று அந்தத் தாய் சிரித்தார்.

"நானும் அப்பிடித்தான் எடுத்துக் குடுத்தனான். கயாக் கவிழ்ந்தவுடன ஜாக்கெட் மட்டும் கழண்டு மேல வந்தது. மகன் வரேல்லை."

தாய் பெரியதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் சின்னதை மாட்டி, பட்டிகளை இறுக்கினேன். அந்த மனிதர் மறுபடி இழுத்தார். அது அசையவில்லை.

அவர் முகத்தில் ஓர் ஆறுதல் வருமென்று பார்த்தேன். வரவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பையனும் நெளியாமல் நின்றான்.