செருப்பை எண்ணி ஆளை விட்டேன்

காலை பத்தரை மணி இருக்கும். ரிசப்ஷன் வாசலில் நின்று, சாயங்காலம் மாட்டுவண்டி சவாரிக்கு எத்தனை குடும்பம் வருகிறது என்று வண்டிக்காரருக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா வந்து எதிரே நின்றார். அறுபது வயது தாண்டியவர்.

"காலைல மலைக்கு இட்டுகினு போனது நீதானப்பா?"

"ஆங், நான்தாம்மா."

"எங்க ஊட்டுக்காரரு இன்னும் ரூமுக்கு வரலியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டலில் காணாமல் போகும் கணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் டீக்கடையில் கிடைப்பார்கள்.

"எல்லாரும் ஏழே முக்காலுக்கே எறங்கிட்டாங்கம்மா. தோட்டத்துப் பக்கம் எங்கனா ஒக்காந்துகினு இருப்பாரு."

"தோட்டம் பூரா தேடிட்டுதான் வரேன்."

"மலையில ஒருத்தரும் இல்லம்மா. அடிவாரத்துல ஒரு செருப்புகூட மிச்சம் இல்ல. நானே நின்னு பாத்தேன்."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு ஏதுப்பா செருப்பு? மால போட்டுகினு கீறாரு இல்ல?"

போனில் வண்டிக்காரர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். அதை அணைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செருப்புக் கணக்கு எப்படி வந்தது

ஓட்டல், ரிசார்ட் என்று 'அவுட்டோர் ஆக்டிவிட்டி' வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டலில் என் பெருமைகளை எழுதச் சொன்னார்கள். அவற்றை வேறு யாராவது எழுதட்டும்.

திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தேன். ஊருக்கு வெளியே, வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் இந்த ஓட்டல் வந்தபோது ஆக்டிவிட்டி இன்சார்ஜ் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். சைக்கிளில் பொதட்டூர்பேட்டை வரை போய்த் தறி பார்ப்பது, கிணற்றில் நீச்சல், வில் அம்பு, மாட்டுவண்டி என்று எல்லாம் என் பொறுப்பு. எல்லாவற்றையும் விட கெஸ்ட்டுகளுக்குப் பிடித்தது காலை நடை. ஓட்டலுக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று. ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

குன்றின் உச்சியில் கன்னிமார் சாமி. ஏழு கற்கள், அவ்வளவுதான். ஊரார் அந்தக் குன்றில் செருப்போடு ஏறமாட்டார்கள். ஓட்டல்காரர்களிடமும் அந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அடிவாரத்தில் ஒரு பட்டைக்கல் பக்கத்தில் எல்லாரும் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். சென்னைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் கழற்றுவார்கள்.

மேலே போனதும் ஜனம், நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி சிதறும். ஒருவர் செல்பி எடுப்பார், ஒருவர் பாறைக்குப் பின்னால் போவார், குழந்தைகள் ஓடும். தலையை எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் வரும். எனக்கோ பொறுமை கிடையாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆளை எண்ணுவானேன், செருப்பை எண்ணலாமே? செருப்பு ஓடாது, ஒளியாது. கூட்டத்துக்கு முன்னால் நான் கீழே வந்து பட்டைக்கல்லில் உட்கார்ந்துகொள்வேன். கடைசி ஜோடி போய்விட்டதென்றால் மலை காலி.

மேனேஜர் சென்னைக்காரர். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "செம சிஸ்டம் மாஸ்டர்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதையே கற்றுக்கொடுத்தேன். பல வருஷம் ஒரு பிசகும் இல்லை. பிசகு வராத ஏற்பாட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் படவில்லை.

அன்றைக்குக் காலை

மறுநாள் ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் எள் போட இடமில்லை. எங்கள் ஓட்டலும் நிரம்பியிருந்தது. ஆறு மணிக்குக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பின்பக்க கேட்டைத் திறந்தபோது ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால்.

"நானும் வரலாமா தம்பி? மேலருந்து நம்ம முருகன் மல தெரியுமாமே?"

"நல்லா தெரியுங்க. வாங்க."

பெயர் முனிரத்தினம், சித்தூரிலிருந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கேட்கவில்லை. லிஸ்ட்டில் அவர் பெயர் இல்லை. கேட்டில் வந்து சேர்ந்தவர்தானே என்று நானும் எழுதிக்கொள்ளவில்லை. பட்டைக்கல்லில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அவர் கழற்ற ஒன்றும் இல்லாததால் முன்னால் போய் நின்றார். நான் ஜோடிகளை எண்ணினேன். பதினெட்டு.

உச்சியில் கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "மல எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். மேற்கே ஒரு பாறை விளிம்பு உண்டு. "அப்பிடியே நேரா போய் நில்லுங்க, கோபுரமே தெரியும்" என்று நான்தான் கை காட்டினேன். கை காட்டிய அடுத்த நிமிடம் அவரை மறந்தேன். ஒரு குழந்தைக்கு முள் குத்தி அழுதுகொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

கீழே வந்து உட்கார்ந்தேன். பதினெட்டு ஜோடியும் போயிற்று. நானும் இட்லி சாப்பிடப் போனேன்.

விரதக்காரர் காலையில் சாப்பிடமாட்டார். அதனால் டிபன் நேரத்தில் அவரை யாரும் தேடவில்லை. அறையில் இருந்த அவர் மனைவி சரோஜா அம்மா, மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து கந்தனை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணியிருக்கிறார். ஆடி வெயில் ஏறியபிறகுதான் அவருக்கு பயம் வந்தது.

பாறை

நானும், சைக்கிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த தேவிகாவும், தோட்டக்காரர் இரண்டு பேரும் ஓடினோம். அம்மையார்குப்பத்துப் பெண் தேவிகா, என்னைவிட முப்பது வயது சின்னவள், எனக்கு முன்னால் ஏறிக்கொண்டே கேட்டாள்.

"கடசியா எங்க சார் பாத்தீங்க?"

மேற்கே கை காட்டினேன்.

விளிம்புக்குக் கீழே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மேடை மாதிரி பாறை. அங்கே ஒரு காரைச் செடியின் நிழலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிழல் என்றால் ஒரு முறம் அளவுதான். தலையை மட்டும் அதற்குள் வைத்திருந்தார். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சரளையில் சறுக்கிக் கீழே விழுந்து கணுக்கால் பிசகியிருக்கிறது. ஏறப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறார். அம்மியே பறக்கிற ஆடிக்காற்றில் யார் காதில் விழும்? பாறை சுட ஆரம்பித்ததும், கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து அந்தச் செடிவரை வந்திருக்கிறார். உள்ளங்கால், உள்ளங்கை, முழங்கால் எல்லாம் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது.

தண்ணீர் கொடுத்தேன். நாலு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கூட்டம் எறங்கினது தெரிஞ்சிது தம்பி. எண்ணிப் பாப்பீங்க, ஒரு ஆளு கொறையும், தேடிகினு வருவீங்கன்னு ஒக்காந்துகினு இருந்தேன்."

நைலான் கட்டில் கொண்டுவரச் சொல்லி அவரைப் படுக்கவைத்து இறக்கினோம். என் சட்டையைக் கிழித்து அவர் பாதங்களில் சுற்றியிருந்தேன். வழி முழுக்க அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

சொல்லாமல் விட்டது

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் ஓட்டல் அறைக்கே வந்து பார்த்த டாக்டர். ஆனால் பதினைந்து நாள் பாதம் தரையில் படக்கூடாது. சரோஜா அம்மா அறை மூலையைப் பார்த்தார். அங்கே காவடி சாத்திவைத்திருந்தது. அதற்குக் கட்டப் பூ சாயங்காலம் வரவேண்டியது.

மகன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்கமாட்டான் என்று கைவிட்டுவிட்டார்களாம். பிழைத்தான். உயிர் உள்ளவரை ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலில் நடந்து, படியேறி, காவடி செலுத்துவதாக முனிரத்தினம் அன்று நேர்ந்துகொண்டிருக்கிறார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்த மகன்தான் பெங்களூரில் வேலை செய்கிறான், எங்கள் ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். சாயங்காலம் வந்து சேர்ந்தவன் அப்பாவின் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "நான் எடுக்கறேன் நைனா" என்றான்.

"நேந்துகினது நானு. நீ எடுத்தா அது உன் காவடி. என்னுது ஆவாது" என்றார் அவர். குரல் உயரவில்லை.

ராத்திரி வரை காத்திருக்காமல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதவேண்டும்.

"கெஸ்ட் குரூப்ப விட்டுத் தானாவே வேற பக்கம் போயிட்டாருன்னு எழுதுங்க மாஸ்டர். பொய் இல்லியே? போனாரு இல்ல? உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

எழுதினேன். ஆமாம், எழுதினேன். வயது ஐம்பத்திரண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம், வேலை போனால் இன்னொரு வேலை யார் கொடுப்பார்? கெஸ்ட் கையெழுத்தும் வாங்கி வரச் சொன்னார். காகிதத்தோடு அறைக்குப் போனேன். கையில் கட்டு இருந்ததால் பெரியவரால் பேனா பிடிக்க முடியவில்லை.

"நான்தான அந்தப் பக்கம் போனேன். கட்ட விரல் வெச்சா போதுமா தம்பி?" என்றார்.

"இரு. படிச்சி காட்டு" என்றார் சரோஜா அம்மா.

படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல செருப்பு கதைய காணமே?"

அந்த அறையில் அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஆபீசுக்குத் திரும்பி வேறு காகிதம் எடுத்தேன். பெயர் எழுதிக்கொள்ளாதது, மேற்கே கை காட்டியது, செருப்பை எண்ணியது, இட்லி சாப்பிடப் போனது, எல்லாம் எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, "உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கிறீங்க" என்றார். ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போகவில்லை. தேவிகா எனக்காகப் பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்ததும் செருப்புக் கணக்கை நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதி, மேலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்தபிறகுதான் கூட்டத்தை இறக்குவேன். முன்னால் தேவிகா போவாள். கடைசி ஆளாக நான் இறங்குவேன். கெஸ்ட்டுகள், "ஸ்கூல் மாதிரி இருக்கே" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அடுத்த ஆடி

மறு வருஷம் கிருத்திகைக்கு அதே மகன் பெயரில் அறை புக் ஆகியிருந்தது. வாசலில் போய் நின்றேன். காரிலிருந்து மகன் இறங்கினான். மஞ்சள் வேட்டி, மாலை. பிறகு சரோஜா அம்மா இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை. மாசி மாதம் மாரடைப்பில் பெரியவர் போய்விட்டாராம். வருஷம் திரும்பாமல் காவடி எடுக்கக்கூடாது என்று சொன்னவர்களின் பேச்சை மகன் கேட்கவில்லையாம்.

உயிர் உள்ளவரை என்று நேர்ந்துகொண்டவர். அவருடைய கடைசி ஆடிக் கிருத்திகைக்கு அவரை அறைக்குள் கட்டிலில் படுக்கவைத்தவன் நான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை நடைக்கு சரோஜா அம்மா வந்தார். மேலே ஏறியதும், "எந்த எடம்?" என்றார். விளிம்பிலிருந்து காட்டினேன். நாங்கள் இப்போது அங்கே கம்பி வேலி போட்டிருக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் பாறையில் வெறுங்காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"சுடலியே."

"இப்ப சுடாதும்மா. ஒம்போது மணிக்கு மேலதான்."

"அப்ப அதுவரிக்கும் ஒக்காந்துகினு இருக்கலாம்."

பெயர்களைக் கூப்பிட்டு, மற்றவர்களை தேவிகாவோடு இறக்கிவிட்டேன். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. கோபுரம் தெரிந்தது, படிகளில் காவடிக் கூட்டம் மஞ்சளாக நகர்ந்தது. அதில் அவர் மகனும் இருந்தான். படிகளைப் பார்த்துக்கொண்டே சரோஜா அம்மா சொன்னார்.

"அவரு உன்ன ஒரு வார்த்த திட்டலப்பா, போற வரிக்கும். நான்தான் திட்டிகினே இருந்தேன். இன்னும் எனக்கு ஆறல."

"சரிம்மா" என்றேன்.

பாறை சுட ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் எழவில்லை. நானும் உட்கார்ந்தேன். உள்ளங்கையை ஊன்ற முடியாமல் போனபிறகுதான், "போலாம்" என்றார்.

பிள்ளைகளே, எந்த ஏற்பாட்டை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணக்கில் விழாத ஆள் ஒருவர் கட்டாயம் வருவார். அவர் உங்களை நம்பிக்கொண்டு, நீங்கள் காட்டிய பக்கமே போவார். அவர் முகத்தைப் பார்க்காமல் மலையை விட்டு இறங்காதீர்கள். தப்பு நடந்துவிட்டால் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்காக மன்னிப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு ஒருவர் கொடுத்தார், ஒருவர் கொடுக்கவில்லை. கொடுக்காதவர் சொன்னதுதான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.