கெளுத்தி பிடித்த கனகம் அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வந்தது. இந்த அரபு நாட்டில் நான் ஆயாவாக இருக்கும் என்ஜினியர் வீட்டில் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். கனகம் அக்காவின் வீட்டுக்காரர் ராமையா அண்ணன் வாசலில் வந்து நின்றார். டூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“பாக்கியம், உங்க அக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேருததுக்குள்ள முடிஞ்சிட்டு.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு உடலை அனுப்பக் காகிதம் எல்லாம் முடியவில்லை என்று, வெள்ளிக்கிழமை இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். செயலாளர் சுந்தரம் சார் எழுந்து படித்தார். “கனகம்மாள் அவர்கள் அடக்கமே உருவானவர். நாங்கள் பிடித்து வரும் மீனை அவர் குழம்பு வைத்தால் கம்பெனி மெஸ்ஸே மணக்கும்.”

நாங்கள் பிடித்து வரும் மீனாம்! பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவைத் தெரியாதவர்கள் அதை நம்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா தூத்துக்குடிப் பக்கம். ஆபீஸ்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் சமைத்தார். அண்ணன் ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டும் இடத்தில் லாரி ஓட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானப் பந்தி முடிந்ததும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு கிரீக் என்கிற கடற்கழியின் கரைக்குப் போய்விடுவார். கையில் ஒரு பால்பவுடர் டப்பா. அதில் நைலான் நரம்பு, கொக்கிகள், ஈயத்துண்டுகள், அண்ணன் சைட்டிலிருந்து கொண்டுவந்த துருப்பிடித்த நட்டுகள்.

போனதும் தூண்டில் போட மாட்டார். கொக்கி இல்லாமல் வெறும் ஈயத்தை எறிந்து, மெல்ல இழுத்து, அடியில் சேறா கல்லா என்று விரலில் பிடித்துப் பார்ப்பார். கல் என்றால் ஈயத்தை இற்றுப்போன நூலில் தனியாகத் தொங்கவிடுவார். சிக்கினால் நூல் மட்டும் அறுந்து போகும், கொக்கி தப்பும். சேறு என்றால் நட்டுக்குள் நரம்பைக் கோத்து ஓட விடுவார். கொக்கிக்கு ஒரு சாண் மேலே ஒரு பாசிமணியைக் கட்டி, நட்டு அதற்குக் கீழே இறங்காமல் நிறுத்துவார். நீர் இழுப்பு கூடினால் நட்டு உருளும். உடனே கழற்றிவிட்டுத் தட்டையான ஈயம்.

“கட்டிப்போட்ட ஈயம்னா கெளுத்தி வாயில வச்சதும் கனம் தெரிஞ்சு துப்பிரும்ட்டி. ஓடுத ஈயம்னா தன் இஷ்டத்துக்கு இழுத்துட்டுப் போகும். நான் விட்டுப் பிடிப்பேன்” என்பார். ஒன்றும் மாட்டாத நாளில் பழி என் தலையில்தான். “நீ தொணதொணன்னா மீன் வருமாட்டி?”

இவரா அடக்கமானவர்? மீன் மாட்டிவிட்டால் அந்தக் கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பாடு போடுவார். வாய்க்கு வாய் பெருமைதான். அந்தப் பெருமைக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஒருநாள் சுந்தரம் சார் குடும்பத்தோடு வந்தார். கடையில் வாங்கிய புதுக் கோல், ரீல், சிவப்புத் தக்கை, பொடிப்பொடியாய் மூன்று கொக்கி.

“சார், தக்கை எதுக்கு? கெளுத்தி மேல பாக்காது. மீசையால தரையைத் தடவித்தான் மேயும்.”

“நீங்க குழம்பைப் பாத்துக்குங்கம்மா. தூண்டில நாங்க பாத்துக்கறோம்.”

“சரி சார். தக்கையைக் குழம்புல போட்டுருதேன்.”

அவர் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று அக்காவுக்கு மாட்டியது முழங்கைக்கு மேல் நீளம். கிடுக்கியால் விஷ முட்களை ஒடித்து அக்கா தரையில் போட்டதும், சார் ஓடிவந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியைப் படம் எடுக்கச் சொன்னார்.

“எனக்கும் ஒண்ணு எடுங்க சார். ஊர்ல எங்க அம்மாவுக்கு அனுப்பணும்” என்றார் அக்கா.

“ஃபிலிம் தீந்துபோச்சும்மா.”

தீர்ந்துபோன ஃபிலிமில் அடுத்த நிமிஷமே தன் பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்தார். அக்கா நரம்பைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினார். திரும்பி நடக்கும்போதுதான், “முள்ள ஒடிச்சது யாருன்னு அந்தப் படத்துல தெரியுமாட்டி?” என்று கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

அந்தப் படம் இன்றும் சங்கத்துச் சுவரில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். “சார், சங்கம் போடுற மலர்ல அக்காவைப் பத்தி நான் எழுதுறேன்.”

“உனக்கு எழுத வருமாம்மா?”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நடந்ததை எழுத அது போதும்.”

மறுநாள் காகிதம் எல்லாம் கிடைத்ததும், ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சேலை கட்ட நானும் இன்னொரு பெண்ணும் போனோம். கைகளைச் சேர்த்து வைக்கும்போது கூட வந்தவர், “எத்தனை வெட்டு பாருங்க, பாவம். சமையல்காரி கை” என்றார். நான் அக்காவின் வலது ஆள்காட்டி விரலை விரித்துக் காட்டினேன். உள்பக்கம் மூன்று கோடுகள், வெள்ளையாக, ஆழமாக.

“இது கத்தி இல்லம்மா. மீன் இழுக்கும்போது நரம்பு அறுத்தது.”

அவர் குனிந்து பார்த்தார். வாசலில் நின்ற ராமையா அண்ணனும் உள்ளே வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். பெட்டியை மூட ஆள் வந்து, “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தும்வரை விடவில்லை.

போய் வாருங்கள் அக்கா. அந்த மீன்களைப் பிடித்தது நீங்கள்தான்.

— பாக்கியம்