அம்மா துரத்திய கன்று

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள். கோர்வையாகச் சொல்ல வராது, முன்னே பின்னே போகும், பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் ஓடிவிட்டு வந்து மொட்டை மாடியில் யோகா செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை. ஷிப்ட் எதுவானாலும் ஓட்டத்தை மட்டும் விடமாட்டார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் என் வேகத்துக்குப் போவேன். என் கையில் ஒரு முழம் கயிறு இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஒருத்தி கேட்டாள், "ஆயா, இன்னாத்துக்கு எப்பவும் கையில கயிறு?" பழக்கம் என்றேன். அவள் விடவில்லை. அவர்கள் அச்சடித்துப் போடுகிற ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுத்தே ஆகணும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி. ஒரு மாதா கோயில், ஒரு பெரிய ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே ஊர்க் கிணறு. பஸ் பிடிக்க மாட்டுவண்டியில் சத்திரம் வரைக்கும் போகணும். கம்பெனி என்ற வார்த்தையே அப்போது அந்தப் பக்கம் கிடையாது.

அம்மாவுக்கு இழுப்பு. மார்கழிப் பனி இறங்கினால் போதும், அவள் முதுகுக்குள் யாரோ புல்லாங்குழல் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர இரண்டு இடத்தில் இறக்கி வைப்பாள். அந்த வருஷத்து மார்கழியில் ரொம்ப மோசமாகி, உதடு நீலம் பாரித்து, வண்டி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் பெண்சாதி, தலைமாட்டில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா திரும்பி வரமாட்டாள் என்றுதான் ஊரில் பேச்சு.

திரும்பி வந்தாள். வரும்போது ஒரு புதுப் பழக்கமும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லித்தரும் டீச்சராம். அவருக்கும் இதே இழுப்புதானாம். எப்படி நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவது, எப்படி உடம்பை வளைப்பது எல்லாம் அவர் காட்டிக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, "செய்யலாம். முதலில் நட, மூச்சு பழகினதும் மெள்ள ஓடு, ஒரு நாளும் விட்டுவிடாதே" என்றாராம்.

மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கோணியைப் போட்டு அம்மா உட்காருவாள். விடிந்தும் விடியாத நேரம். ஒரு விரலால் ஒரு பக்க மூக்கை மூடிக்கொள்வாள், அப்புறம் மறு பக்கத்தை. "சாணி நாத்தமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். காலை நீட்டிக் குனிந்து கட்டைவிரலைத் தொட்டால், முள் குத்திவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அதுவரைக்கும் தொல்லையில்லை. கொட்டாய்க்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியப் போகிறது? ஓட்டம்தான் வம்பாகப் போச்சு. அம்மா முதல்முதலில் ஏரிக்கரைமேல் வேகுவேகென்று நடந்து, நடையே ஓட்டமாக மாறின அன்றைக்கே பெரியம்மா பார்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அவள் வாய்ச்சொல்தான் சட்டம். நேராக வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"ஏண்டி சின்னவளே, வூடு பத்தி எரியணும், புள்ள கெணத்துல வுழணும், இல்ல மாடு அவுத்துக்கணும். இது மூணும் இல்லாம குடும்பப் பொம்பள ஏண்டி ஓடுறா? ஊரு கைகொட்டி சிரிக்காது?"

 அப்பா கலப்பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லை. ஓட்டம் நின்றது. பத்து நாள்கூடப் போகவில்லை, அம்மா முதுகில் அந்தப் புல்லாங்குழல் திரும்பவும் மெல்ல ஊத ஆரம்பித்தது. படுத்திருக்கையில் எனக்குக் கேட்கும். காதைப் பொத்திக்கொள்வேன்.

அப்புறம்தான் எங்கள் கன்று அவிழ்த்துக்கொள்ள ஆரம்பித்தது.

பால் மறந்த கிடேரிக் கன்று. பொழுது சாயும்போது அதைக் கட்டுவது என் வேலை. நான் கட்டுவேன். விடிகாலையில் பார்த்தால் முளைக்குச்சியில் வெறும் கயிறு கிடக்கும், கன்று ஏரிப் பக்கம் நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருக்கும், அந்தக் கயிற்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் ஓடுவாள். கரை முழுக்க ஓடி, மதகு வரைக்கும் போய், அங்கே உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டு, கன்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினம். மழை நாளில்கூட அது அவிழ்த்துக்கொள்ளும்.

அப்பா வாசலில் நின்று என்னைத் திட்டுவார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு கன்னுக்குட்டிய கட்ட துப்பு இல்லியா ஒனக்கு? ஒன்னால ஒங்கம்மா ஏரிய சுத்திகினு கீறா பாரு!" வேறு எதற்கும் என்னை அதட்டாத மனிதர். இதற்கு மட்டும் அப்படி ஒரு குரல். கிணற்றடியில் பெண்கள் என்னைப் பார்த்து, "தோ வருது பாரு, முடிச்சு போடத் தெரியாத பொண்ணு" என்று சிரிப்பார்கள். பெரியம்மாவும்தான். ஆனால் அம்மா ஓடுவதைப் பற்றி ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை. மாடு அவிழ்த்துக்கொண்டால் ஓடித்தானே ஆகணும்?

எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஒற்றை முடிச்சு இரட்டை முடிச்சாச்சு. கழுத்துக் கயிற்றில் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். அப்பாவைக் கேட்டு வண்டிக்குப் பாரம் கட்டுகிற முடிச்சுகூடக் கற்றுக்கொண்டேன். மனசில்லாமல்தான் சொல்லிக்கொடுத்தார். அதையும் அந்தக் கன்று அவிழ்த்தது. இப்படிப்பட்ட கெட்டிக்காரக் கன்று சுத்துப்பட்டு ஊர்களிலேயே இல்லை என்று பேர் வாங்கிவிட்டது. விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், அதன் முகத்தைப் பார்த்துவிட்டு யோசனையோடு திரும்பிப் போனார்.

அடுத்த மார்கழி வந்தது. பனி இறங்கியது. அம்மா ஓடிக்கொண்டிருந்தாள், அதாவது கன்றைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் கிணற்றடியில் சும்மா பேச்சோடு பேச்சாக, ஈரக்கயிற்றில் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கன்றுக் கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். பாரம் கட்டுகிற முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. முளைக்குச்சியில் காலை உதைத்துக்கொண்டு இழுத்து இறுக்கினேன். உள்ளங்கை சிவந்துபோனது. இனிமேல் எந்தக் கன்று அவிழ்க்கிறது, பார்க்கலாம் என்று மாதாவுக்கு ஒரு செபம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

கோயில் மணி அடிக்கும்போதே எழுந்து கொட்டாய்க்கு ஓடினேன். கன்று நின்றுகொண்டிருந்தது! கட்டினபடி, அசையாமல்! எனக்குக் குதிக்கணும் போல இருந்தது. ஆனால் அதன் கழுத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நகத்தால் கீறினாள், பல்லால் கடித்தாள். விரலில் ரத்தம்.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.  அந்த வயசுக்கு அவ்வளவுதான் புரியும், அவ்வளவு புரிந்தது. அவிழ்த்தது கன்று இல்லை.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். முடிச்சைப் பார்த்தார். அம்மா விரலைப் பார்த்தார். என்னை மெச்சுவார் என்று நின்றேன். "இவ்ளோ கெட்டியா கட்ட யாரு சொன்னாங்க ஒனக்கு?" என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்தது. லேசாகக் கட்டினாலும் திட்டு, கெட்டியாகக் கட்டினாலும் திட்டா?

அம்மா எழுந்து நின்றாள். முகம் செத்துப் போயிருந்தது. இன்றைக்கு விட்டால் நாளைக்கும் விட்டுப்போகும், நாளைக்கு விட்டால் மறுபடி அந்த மாட்டுவண்டிதான் என்று எனக்கே தெரிந்தது. அப்பா போய் ஆணியில் மாட்டியிருந்த கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்க அவரவர் வீட்டுக் கயிறுதான். அதை அம்மா கையில் கொடுத்தார்.

"கன்னு ஓடிடுச்சு பாரு. போய் புடிச்சிகினு வா."

"அப்பா, கன்னு இங்கதான் கீது!" என்றேன். அவர் பக்கத்தில்தான் அது நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"நீ சும்மா இரு" என்றார்.

அம்மா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அப்பாவுக்குக் கண் போய்விட்டது என்ற பயம் ஒரு பக்கம்.

அம்மா அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னால் ஓடிப் பார்த்ததில்லை. எதிரே கன்றும் இல்லை, எதுவும் இல்லை. பனி, கரை, அவள். மதகைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கிணற்றுக்கு நேராக வரும்போது கீழே பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள், பெரியம்மா நடுவில்.

"சின்னவளே, கன்னு எங்கடி?"

"முன்னால போயிட்டுச்சுக்கா!"

சொல்லி வாயை மூடவில்லை. எங்கள் கொட்டாயிலிருந்து, ஊரே கேட்க, "ம்ம்மா" என்று ஒரு கத்தல். அதன் குரல் ஊருக்கே பழக்கம். இறைக்கிற கைகள் நின்றன. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"கத்துறது யாரு வூட்டு கன்னு?"

அம்மா கரையிலிருந்து இறங்கி வந்தாள்.  எதிர்த்து ஒரு பேச்சு பேசி அறியாதவள் அவள்.

"எங்க வூட்டுதுதாங்க்கா. கட்டித்தான் கீது. இத்தினி நாளும் அவுத்து வுட்டது நான்தான். போன மார்கழில நீங்கதான என் தலைமாட்டுல ஒக்காந்துகினு வந்தீங்க? இந்த மார்கழில ஏரிய ஓடிட்டு வந்து ஒங்க முன்னால நின்னு பேசிகினு கீறேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள்.

பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகில் காதை வைத்தாள். வண்டியில் அந்த வழி முழுக்க இந்தக் காதால்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தவள். அம்மா மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். கிணற்றடியில் வாளிகூட அசையவில்லை.

"சத்தமே இல்லியேடி" என்றாள் பெரியம்மா. குரல் உடைந்துபோயிருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "அதுக்கு அந்த வாயில்லா ஜீவன ஏண்டி தெனம் வெரட்டின? எங்கிட்ட சொல்லித் தொலைக்கக் கூடாது?" என்று கத்தினாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், இருமாமல், மூச்சு முட்டாமல். அந்தச் சிரிப்பை நான் அதுவரை முழுசாகக் கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் அம்மாவும் நானும் கரை ஏறியபோது அங்கே பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் கயிற்றோடு.

"எங்க எருமையக் காணோம்" என்றாள், சிரிக்காமல்.

அவர்கள் எருமையைப் போன பங்குனியிலேயே விற்றாச்சு.

"இப்பிடித்தாங்க்கா போச்சு, வாங்க" என்றாள் அம்மா.

அடுத்தடுத்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆடு காணோம், மாடு காணோம். கோழியைத் தேடிக்கூட ஒருத்தி கயிறு கொண்டுவந்தாள். ஓட்டம் முடிந்தால் மதகடியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒரு பக்க மூக்கை மூடிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அந்த வருஷம் காணாமல் போன கால்நடைக்குக் கணக்கே இல்லை. போனது என்னவோ அம்மாவின் இழுப்புதான். அவள் கிழவியாகிற வரைக்கும் ஓட்டத்தையும் மூச்சையும் விடவில்லை, வண்டி கட்டவும் இல்லை.

நான்தான் ரொம்ப நாள் அப்பாவின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிற கன்று தெரியவில்லையே, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம்மா என்று நச்சரிப்பேன். அம்மா சிரிப்பாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தத் திட்டும் கிணற்றடியில் நடந்த அன்றோடு நின்றுபோனது. என் முடிச்சு நன்றாகிவிட்டதால் நின்றது என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரைக்கும் அப்பா கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார். அந்தத் திட்டு எனக்கு இல்லை, அம்மாவை ஓடவிட அப்பா தெருவுக்குச் சொன்ன சாக்கு என்று எனக்கு உறைத்தது, நானே கல்யாணமாகி ஒரு வீட்டுக்குப் போய், நானும் காலையில் ஓடணும் என்று நின்றபோது என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் பேப்பர் படித்த அன்றைக்குத்தான்.

பெரியம்மாவின் மகள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கிறாள், என்னைவிட ஞாபகம் உள்ளவள். எருமையை விற்றது பங்குனியிலா சித்திரையிலா, கன்றின் நிறம் செவலையா மயிலையா என்று யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். கோழிக்குக் கயிறு கொண்டுவந்தது யார் என்றும் கேளுங்கள். முடிச்சு மட்டும் நான் கெட்டியாகத்தான் போட்டேன். அதைக் கேட்க வேண்டாம்.