காயாத கொட்டில்

நனைந்த கம்பளி, ஏரிச் சேறு, பழைய மண்ணெண்ணெய், இவற்றோடு யாரோ எப்போதோ கொட்டிவிட்ட மீனிரை, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு மூடிய அறைக்குள் வாரக்கணக்கில் புழுங்கினால் என்ன நெடி வருமோ, அதுதான் என் ஒன்பதாவது வயதின் இளவேனில். மற்றப் பிள்ளைகளுக்கு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை என்றதும் மெழுகுதிரியும் வெள்ளைப் பூக்களும் நினைவுக்கு வருமாம். எனக்கு இன்றைக்கும் மூக்கைச் சுளிக்கத்தான் வருகிறது. அதற்கு முழுக் காரணம் என் அப்பா.

அப்பா மன்னார்க் கரையில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு கடலுக்குள் இறங்கியவர். போர் துரத்த ஜெர்மனிக்கு வந்து, வுப்பர்டாலில் பூட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தபின், இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை எழுத வேண்டும் என்று அறிந்த நாளிலிருந்து வீட்டில் மீன்பிடி பற்றிய பேச்சையே நிறுத்தியிருந்தார். அந்தப் பரீட்சையில் தோற்றுப்போனால் ஊருக்கு எந்த முகத்தோடு தொலைபேசி எடுப்பது என்பது அவருடைய பயம். அவரோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர் விக்டர், கசகஸ்தானில் பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதில் பைத்தியமானவர். அந்த மாசி மாதம் வடகிழக்கே ஏதோ ஓர் ஏரி நன்றாக உறைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

போன இடத்தில் வெயில் எறித்து, பிறகு மழை பெய்து, பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. விக்டரின் கூடாரமோ குளிர் புகாதபடி துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்தது. அடியில் தரையும் இல்லாத அந்தச் சிவப்புப் பெட்டி, விளிம்பிலிருந்து உச்சிவரை தண்ணீரைக் குடித்துவிட்டது. இருவரும் அதை அப்படியே சுருட்டிக் காருக்குள் திணித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். விக்டர் தன்பாட்டில் எங்காவது ஒரு மூலையில் எறிந்திருப்பார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடும் தந்த மனிதனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று, அதை மூன்றாம் மாடிவரை தோளில் சுமந்து வந்து எங்கள் குளியலறையில் போட்டார்.

"நான் காயவைச்சுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "பாயும் வலையும் காயவைச்ச கைக்கு இது ஒரு வேலையே?"

இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு எனக்கு முதல் நன்மை. விருந்து எங்கள் வீட்டு வரவேற்பறையில். ஹனோவரிலிருந்து மாமி குடும்பமும் பிராங்பேர்ட்டிலிருந்து அம்மாவின் பக்கத்தாரும் வருவதாக இருந்தது. மாமியின் மகள் முந்திய வருடம் அணிந்த வெள்ளைச் சட்டை, முத்துவைத்த கழுத்தும் நிலம்தொடும் பாவாடையுமாக, முன்கூட்டியே வந்து அலுமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கையைக் கழுவிவிட்டு அதைத் தொட்டுப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு அழகான பொருள் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை.

அப்பா முதல் வேலையாகக் குளியல் தொட்டியை நிரப்பி, ஏற்கனவே ஊறிப்போயிருந்த கூடாரத்தை மறுபடி தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

"அப்பா, ஏன் திரும்பவும் நனைக்கிறீங்கள்?"

"உப்பு நிண்டா துணி இத்துப்போகும், பிள்ளை. நல்ல தண்ணியில அலசித்தான் காயவைக்கிறது."

"அது ஏரித் தண்ணி. அதில உப்பு இல்லையே."

தண்ணி எண்டா தண்ணிதான் என்று சொல்லிக்கொண்டு அப்பா இன்னொரு முறையும் அலசினார். கடலில் கிடந்ததை எல்லாம் அலசிப் பழகிய கைகளுக்கு, உப்பைக் கண்டிராத ஒரு கூடாரத்தை அலசாமல் விட மனம் வரவில்லை. எங்களுடைய இளவேனில் முழுவதும் அந்த ஒரு அலசலில்தான் நாசமாய்ப் போனது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மன்னார் மணலில் விரித்தால் ஒரு வெயிலுக்கே மொறுமொறுவென்று காய்ந்துவிடுமாம். வுப்பர்டாலில் வெயிலே விருந்தாளி. பல்கனியில் தொங்கவிட்டால் மழை பெய்தது. மழை விட்டால் கூடாரம் பெய்தது. கீழ்வீட்டு பிராவ் கெர்லாக் என்ற முதிய பெண்மணி, தன் பூச்சட்டிகளுக்குள் சேற்றுத் தண்ணீர் விழுகிறது என்று மேலே வந்து, முதலில் மரியாதையாகவும் பிறகு மரியாதை இல்லாமலும் சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் பொதுவான "ட்ரோக்கன்கெல்லர்", அதாவது உடுப்புக் காயவைக்கும் நிலவறை, அங்கே கொண்டுபோனார் அப்பா. அடுத்த நாளே கட்டடத்தில் இருந்தவர்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் மீன் நாறின. மறுபடி பிராவ் கெர்லாக், மறுபடி மூன்றாம் மாடி.

கடைசியில் அதன் கம்புகளை இழுத்து, "டப்"பென்று வரவேற்பறைக்குள்ளேயே நிமிர்த்தி நிறுத்தினார். சோபா சுவரோடு ஒட்டியது, தொலைக்காட்சி மறைந்தது. உள்ளே ஒரு மின்சார ஹீட்டர், வெளியே அறையைச் சூடாக்கும் "ஹைட்சுங்" முழுச் சூட்டில். ஜன்னலெல்லாம் வியர்த்தது. சுவர்க் காகிதம் மூலையில் நாக்கை நீட்டியது. அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே புகுந்து, துணியைப் பிழிந்து பார்த்து, "கொட்டில் இப்ப பறவாயில்லை" என்பார். அம்மா அதற்கு வைத்த பெயர் "சனியன்". அதையும் வாய்விட்டுச் சொன்னது பிற்பாடுதான்.

ஏனென்றால் அம்மா, உயிர்ப்புக்கு முந்திய அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் பேசாமல் இருந்தார். இறைச்சியை எல்லோரும்தான் விடுகிறார்கள் என்று, அப்பாவோடு சண்டை பிடிப்பதில்லை என்பதைத் தன் ஒறுத்தலாக நேர்ந்திருந்தார். இதைவிடப் பொல்லாத வருடம் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. உதட்டை மடித்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி நடப்பார். சோற்றுக் கோப்பையை வைக்கும் சத்தத்தில் மட்டும் எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் அப்பாவை அடக்கக்கூடிய ஒரே ஆளின் வாயைக் கர்த்தர் கட்டிப்போட்டுவிட்டார் என்று நான் இரவுச் செபத்தில் முறைப்பாடு செய்தேன். சட்டையைப் படுக்கையறைக்கு மாற்றி, பொலித்தீன் உறையால் மூடி, கதவிடுக்கில் துவாயும் செருகிப் பார்த்தோம். நெடி எல்லாவற்றுக்குள்ளாலும் போனது.

உயிர்ப்பு இரவின் பாஸ்குத் திருவிழிப்பில் மணி அடித்து அல்லேலூயா பாடி முடிந்து, மறுநாள் காலைச் சாப்பாடும் ஆனது. அம்மா கோப்பைகளைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்தார், தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் அருகே குந்தினார்.

"இஞ்சேர், என்ன செய்யிறாய்? அது மற்ற ஆளின்ர சாமான்," என்று அப்பா பதறினார்.

"தவக்காலம் முடிஞ்சுது. நீங்கள் கொஞ்சம் தள்ளுங்கோ."

கீழ்விளிம்புத் தையலை ஒரு முழம் வெட்டினார். பஞ்சுக்குள் அத்தனை காலமும் குந்தியிருந்த தண்ணீர் கறுப்பாக, சாவகாசமாக, கம்பளத்தில் இறங்கியது. அதன்பிறகு அம்மா பேசியதை இங்கே எழுத ஏலாது. தவக்காலம் முழுவதும் சேர்த்து வைத்ததை அவர் வரிசை பிசகாமல் இறக்கினார். அப்பா வாளி பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

வெட்டிய பிறகுதான் சனியன் காயத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பஞ்சு கையில் மொறுமொறுத்தது. அப்பா வெட்டிய இடத்தைத் தூண்டில் நூலால், கிழிந்த வலை பொத்துகிற முடிச்சுகளைப் போட்டுத் தைத்தார். காய்ந்து முடியும்வரை விக்டரிடம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தவர், சனிக்கிழமை சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டு, கூடாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு விக்டர் வீட்டுக்குப் போனார். போன வேகத்தில், அதே கூடாரத்தோடு திரும்பி வந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அம்மா.

"அவன் அண்டைக்கே புதுசு வாங்கிட்டானாம். இதை நான் எறிஞ்சிருப்பன் எண்டு நினைச்சானாம்."

அம்மா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனார். ஒரு மனிதனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எங்கள் எல்லோரையும் அவித்து எடுத்தார் அப்பா, அந்த வாக்கை மற்றவரோ ஞாபகம்கூட வைத்திருக்கவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் இரக்கமே வரவில்லை. நாளைக்கு என் சட்டை நாறப் போகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது.

நாறத்தான் செய்தது. அம்மா வாசனைத் தைலம் தெளித்ததால் அது ரோசாப்பூத் தோட்டத்தில் செத்த மீன் ஆனது. கோயில் வாசலில் ஹனோவர் மாமி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "பிள்ளையில என்ன ஒரு மணம்?" என்று கேட்டார். "உங்கட தம்பியைக் கேளுங்கோ, மச்சாள்," என்றார் அம்மா. வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஜெர்மன் சிறுமி பலிபீடம்வரை மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள். நற்கருணையை வாங்கித் திரும்பும்போது அப்பா முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்தியில் அழுதாரா, வெட்கத்தில் அழுதாரா என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது அந்த ஏரி உறைவதில்லையாம். தொழிற்சாலையும் இல்லை, பிராவ் கெர்லாக்கும் இல்லை. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போவதற்காக வீட்டைக் காலி செய்தபோது, நிலவறையில் எங்கள் பங்கு மூலையில் அந்தச் சிவப்புச் சுருள் கிடந்தது. "அந்தச் சனியனை எறி, பிள்ளை," என்றார் அம்மா, ஆனால் எறிவதற்கு வழிவிடவில்லை. தானே கயிற்றை அவிழ்த்து விரித்தார். விளிம்பில் அந்த முடிச்சுகள் இறுக்கமாக அப்படியே இருந்தன.

அம்மா குனிந்து மணந்து பார்த்தார். இன்னொரு பக்கத்தைப் பிரட்டி அங்கேயும் மணந்தார்.

"ஒரு மணமும் இல்லை, பிள்ளை," என்றார்.

நானும் முகத்தைப் புதைத்துத் தேடினேன். சேறு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மீன் இல்லை. எங்களை அவ்வளவு பாடுபடுத்திய நெடி ஒரு துளிகூட மிஞ்சவில்லை. ஒன்பது வயதில் வந்த அதே கோபம் எனக்கு மறுபடி வந்தது. இவ்வளவு வடிவாகக் காயவைத்திருக்கத் தேவையில்லை, அப்பா.