அக்கா நீந்திய முதல் நூறு மீற்றர்

எங்கள் அக்கா மறைந்து ஆண்டு ஒன்று நிறைகிறது. இறுதிக் கிரியைகளன்று நண்பர்கள் கட்டிய பதாகையில் ‘அஞ்சல் நீச்சலில் தங்கம் வென்ற வீராங்கனை’ என்று இருந்தது. அன்போடு எழுதியது, ஆனால் தவறு. அந்தப் போட்டியில் அக்காவுக்கு எந்தப் பதக்கமும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. அதை நேரில் பார்த்தவன் நான் என்பதால், நடந்ததை நடந்தபடி இந்த நினைவு மலரில் பதிகிறேன்.

அக்கா பிறந்தது நாவலப்பிட்டியில், சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள். அப்பாவுக்குப் புகையிரத நிலையத்தில் வேலை. மகாவலியில் குளிக்கப் போன இடத்தில் அக்கா தானாக நீந்தத் தொடங்கியதைக் கண்டு அம்மா பயந்துபோனார். “ஆத்துல வேணாம். சுவர் கட்டின தண்ணியில நீந்தட்டும்” என்றார். அதற்காகவே நீச்சல் தடாகம் உள்ள கண்டிப் பாடசாலை ஒன்றில் சேர்த்தார்கள். விடியற்காலை ரயில், பயிற்சி, பிறகு ஈரத் தலையோடு வகுப்பு. “பொம்பளப் புள்ள இந்த உடுப்போட நீந்துறதா?” என்று கேட்ட உறவினருக்கு அம்மா சொன்னது: “சேலையோட நீந்தி ஜெயிச்சவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, கேட்டுக்குறோம்.”

கொழும்பில் நடந்த தேசியப் போட்டிக்கு அக்கா காய்ச்சலோடுதான் போனார். நூறு மீற்றர் தனிப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. மிஞ்சியது, நால்வர் ஒருவர்பின் ஒருவராக நூறு நூறு மீற்றர் நீந்தும் அஞ்சல் நீச்சல். அதில் முதலாவதாக நீந்துபவரின் நேரம் மட்டுமே தனிநபர் தேசியச் சாதனையாகக் கணக்கில் வரும். மற்ற மூவரும் முன்னவரின் கை சுவரைத் தொடும் கணத்தைப் பார்த்துத் தாவுவதால் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே வழக்கமாகக் கடைசியில் நீந்தும் அக்காவைப் பயிற்றுநர் முதலில் நிறுத்தினார்.

அக்கா சுவரைத் தொட்டதும் பலகையில் நேரம் தெரிந்தது. பழைய சாதனை போய்விட்டது. படிகளில் எல்லோரும் எழுந்து கத்தினோம். அக்காவின் அணியில் மூன்றாவதாக நின்ற ஸ்டெலா தாவினார். எங்கள் அணி இரண்டாவதாக முடித்தது. வெள்ளி என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்தது: முன்னவரின் கை படுமுன் மூன்றாமவர் தாவியதால் அணி தகுதிநீக்கம், நால்வரின் நேரங்களும் ரத்து. பலகை வெறுமையானது.

மத்தியஸ்தர் மேசைக்கு நேர் மேலே என் இருக்கை. கீழே பயிற்றுநர் நால்வரையும் கூட்டி வைத்துச் சொன்னது காதில் விழுந்தது. “மேன்முறையீடு செய்யப் போறேன். நாலு பேரும் ஒரே பேச்சா, தாவினது சரின்னு சொல்லணும். வெள்ளியும் வரும், இவளோட சாதனையும் வரும்.”

அக்கா தொடக்க மேடைக்குப் பக்கத்திலேயே நின்றவர். “சேர், கால் முன்னாலயே போயிருச்சு. நான் பாத்தேன்.”

“பாத்ததை உனக்குள்ள வச்சுக்க.”

“கேட்டா அதைத்தான் சொல்லுவேன், சேர்.”

மத்தியஸ்தர்கள் கேட்டார்கள். சொன்னார். அதோடு, முதலாமவர் முடித்த பிறகு நடந்த தவறு முதலாமவரின் நேரத்தைப் பாதிக்காது என்ற விதியையும் நினைவூட்டினார். மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் விதிப் புத்தகத்தோடு உள்ளே போனார். கதவு மூடியது.

ஸ்டெலா அக்காவின் முன்னால் வந்து நின்றார். “எங்க மெடலைக் குடுத்துட்டு உன் பேரை வாங்கிக்கிட்ட, என்னடி?”

“பேரு இன்னும் வரலை. வராமலும் போகலாம்” என்றார் அக்கா. அவருக்கு அந்த ஒரு வாய்ப்புத்தான் இருந்தது. அதையும் தன் வாயாலேயே பணயம் வைத்துவிட்டு நின்றார். மூன்று அணிகள் மேடையேறிப் பதக்கம் வாங்கின. அடுத்த போட்டியும் தொடங்கிவிட்டது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒலிபெருக்கியில் அக்காவின் பெயர் வந்தது: புதிய தேசியச் சாதனை. எங்கள் அணியில் யாரும் கைதட்டவில்லை. கண்டி வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் அவரோடு பேசவில்லை.

அடுத்த பருவப் பயிற்சியின் முதல் நாள் ஸ்டெலாவே வந்தார். “நீதான் உள்ளதைச் சொல்லுவ. நான் தாவுறேன், என் காலைப் பாரு.” அன்று தொடங்கிய நட்பு முறியவில்லை. அக்காவின் சாதனையைப் பின்னாளில் வேறொரு பெண் முறியடித்தார். சாதனை என்பது அதற்குத்தானே. ஆனால் இந்நாட்டு நீச்சல் வரலாற்றில் அந்த வரிசையில் ஒரு மலையகப் பெண்ணின் பெயர் இருக்கிறது. எவரும் ஐயப்பட முடியாதபடி இருக்கிறது. பின்பு பயிற்றுநராகி, கலகெதர, ஹுன்னஸ்கிரிய பக்கத்துப் பிள்ளைகள் பலரை அவர் தண்ணீரில் இறக்கினார்.

நோயின் நாட்களில் துணை நின்ற மருத்துவர்கள், தாதியர், இரத்தம் கொடுத்த மாணவர்கள், கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஸ்டெலாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கடைசி வாரங்களில் நாள்தோறும் வந்து அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர். ஒரு மாலை, கரண்டியை நிறுத்திக் கேட்டார்: “இப்பவாவது சொல்லு. என் கால் முன்னாலயா போச்சு?”

“முன்னாலதான்டி.”

“இவ்வளவு ஊட்டியும் எனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டியா?”

“உப்பில்லாத கஞ்சிக்கு எப்படிடி பொய் சொல்றது?”

இருவரும் சிரித்த சத்தத்தில் தாதி எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை அக்காவுக்குக் கொடுத்ததற்காக, ஸ்டெலாவுக்கு எங்கள் நன்றி.