அம்மாவின் முதல் விண்டர் கோட்

தொப்பி தேடி அம்மாவுடன் ஸ்காபரோவில் ஒரு பழைய உடுப்புக் கடைக்குப் போனேன்.

அங்கே ரோஸ் நிறத்தில் கோட் ஒன்று தொங்கியது. பஞ்சு வைத்துத் தைத்தது, சாட்டின் கொலர், கணுக்கால்வரை நீளம்.

அம்மா தடவிப் பார்த்தார். “என்ர முதல் விண்டர் கோட்டும் இப்பிடித்தான்!”

கடைக்காரப் பெண் சிரித்தபடி விளக்கினாள்: அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததும் நைட்டிக்கு மேல் போடுவதாம். வீட்டுக்குள் மட்டும்.

அம்மா கொலரிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு விண்டர் உதோடதான் பூசைக்குப் போனனான்.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“எங்கை வாங்கினனீங்கள் எண்டு கேட்டவை. நான்தான் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் குடுத்தனான்.”

ஸ்காபரோவில் வளர்ந்தவர்களே, உங்கள் அம்மாவின் முதல் பனிக்காலப் படத்தைத் தேடுங்கள். கோட் ரோஸ் நிறம் என்றால் அவருக்குச் சொல்லவேண்டாம். எனக்கு மட்டும் அனுப்புங்கள். அந்த ஆறு பேரையும் கண்டுபிடிக்கவேண்டும்.