பழைய தவறைப் புதிதாக எழுதினேன்

ஓசூரில் எங்கள் கம்பெனி, ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிறது. உற்பத்தி லைனில் வரும் உதிரிபாகத்தை சென்சார் அளக்கும். பெட்டிக்குள் இருக்கும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் அடிமட்டம், அந்த அளவை வாங்கி மேலே ஓடும் ஆலையின் புரோகிராமுக்குக் கொடுக்கும்.

கெர்னலில் அந்தப் பகுதியை முதலில் எழுதியவர் எங்கள் சீனியர். கெலமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆலைகளில் ஓடும் பழைய புரோகிராம் எதுவும் நின்றுவிடக் கூடாது. அவற்றை எழுதியவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், திருத்த ஆள் கிடையாது.

பெட்டியில் எதை மாற்றினாலும் பழைய பகுதி மக்கர் செய்யும். ஆலையிலிருந்து அவருக்கு போன் வரும், போய்ச் சரிசெய்வார். அந்த போன் வந்துகொண்டிருக்கும்வரைதான் அவருக்கு வேலை என்பது கேன்டீன்வரை தெரிந்த விஷயம். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், அவரை விட்டுவிட்டு பெங்களூருக்கெல்லாம் வேலைக்குப் போக முடியாது என்று அவரே சொல்லியிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சென்சார் வயர் கழன்றால் பழைய கெர்னல் அதைச் சொல்லாது, கடைசி அளவையே திருப்பித் திருப்பிக் கொடுக்கும். பச்சைத் தவறு. நான் ஒழுங்காகப் பிழை என்று சொல்ல வைத்தேன். சோதித்துப் பார்த்த முதல் ஆலையிலேயே லைன் நின்றது. அங்கே மாடல் மாற்றும்போதெல்லாம் ஆபரேட்டர்கள் வயரைக் கழற்றி மாட்டுவார்களாம். புரோகிராம் அந்தத் தவறை நம்பித்தான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

"அந்தத் தப்ப திருப்பி வெச்சிடும்மா," என்றார் சீனியர்.

எரிச்சலோடு எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். "நான் தூக்கக் கலக்கத்துல பண்ணத, நீ நல்லா முழிச்சிக்கினு பண்ற."

அப்புறம் மற்ற தவறுகளையும் அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதினேன். எல்லாச் சோதனையும் தேறிய அன்று சாயங்காலம், வண்டி எடுக்கப் போனவர் ஹெல்மெட்டோடு திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு இருக்குதும்மா. பெட்டிய ஆன் பண்ணா மொத அளவு எப்பவும் சைபர்தான் வரும். ஒரு ஆலையில அத வெச்சித்தான் லைனே கெளம்புது. நீ சரியான அளவ அனுப்பினா நின்னுடும்."

"இத யாருமே சொல்லலையே சார்?"

"என்னத் தவுர யாருக்கும் தெரியாது."

அதையும் எழுதிச் சேர்த்தேன். புதிய கெர்னல் எல்லா ஆலைகளுக்கும் போனது. ஒரு வாரம் போனே இல்லை. சந்தோஷம் தாங்காமல் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

"ஒரு போன் கூடவா வரல?" என்று கேட்டார்.

"ஒண்ணு கூட இல்ல சார்," என்றேன், அவ்வளவு பெருமையாக.

அந்த மாதக் கடைசியில் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார். எப்போதாவது பேசும்போது, கெர்னல் நன்றாக ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்பார்.

நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்று சாயங்காலம் அவர் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த ஆலையில் லைன் நின்றிருக்கும். அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.